பனிக்காலத்து வெல்லம்

மேற்கு வங்காளத்தில் கார்த்திகை மாதம் பிறந்தால் பனி இறங்கத் தொடங்கும். வயலில் நெல் அறுப்பு நடக்கும். குளத்தங்கரையிலும் வரப்பு ஓரத்திலும் ஈச்ச மரங்கள் நிற்கும். அந்த மரங்களின் கழுத்தில் ஆளுக்கொரு மண் பானை ஏறிவிடும்.

ஈச்ச மரம் நமக்குப் புதிது அல்ல. நம் ஊர் ஓடைக்கரையிலும் நிற்கிறது. அதன் ஓலையில் பாய் பின்னுகிறோம். துடைப்பம் கட்டுகிறோம். அதன் சின்னப் பழங்களைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்கிறார்கள். ஆனால் ஈச்ச மரத்துச் சாற்றில் வெல்லம் காய்ச்சுவதை நம்மில் பலர் பார்த்தது இல்லை. நமக்கு வெல்லம் என்றால் கரும்பு. கருப்பட்டி என்றால் பனை.

வங்காளத்தில் அப்படி இல்லை. அங்கே பனிக்காலம் வந்தால் எல்லோரும் ஈச்ச வெல்லத்துக்குக் காத்திருப்பார்கள். அதை நொலேன் குர் என்கிறார்கள். 'புது வெல்லம்' என்றும் சொல்வது உண்டு. வருடத்தில் மூன்று, மூன்றரை மாதம்தான் கிடைக்கும். கார்த்திகையில் தொடங்கும். மாசியில் முடிந்துவிடும்.

பார்த்தால் தண்ணீர் போல இருக்கும் சாறு. அதைக் காய்ச்சினால் பொன் நிறத்தில் பாகு. இன்னும் காய்ச்சினால் கட்டி வெல்லம். இதற்குப் பெரிய ஆலை வேண்டாம். ஒரு மரம், ஒரு பானை, வீட்டு முற்றத்தில் ஓர் அடுப்பு. அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' என்பதற்குள் நிறைய வேலை இருக்கிறது. நிறைய அறிவும் இருக்கிறது.

மரத்தின் கழுத்து

ஈச்ச மரத்தில் சாறு இறக்குபவரை மேற்கு வங்காளத்தில் சியூலி என்று அழைக்கிறார்கள். வங்காளதேசத்தில் காச்சி என்பார்கள். பெரும்பாலும் இவர்களுக்குச் சொந்தமாக மரம் இருக்காது. மரம் வேறு ஒருவருடையது. சியூலி அதைப் பருவத்துக்குக் குத்தகைக்கு எடுப்பார். குத்தகையைப் பணமாகக் கொடுப்பார். அல்லது வெல்லமாகக் கொடுப்பார். சிலர் சொந்த ஊரை விட்டு வேறு மாவட்டத்துக்கே போவார்கள். மரங்கள் நிற்கும் இடத்தில் ஓலைக் குடிசை போட்டுக்கொள்வார்கள். பருவம் முடியும் வரை அங்கேதான் அடுப்பு, அங்கேதான் படுக்கை.

பனையில் பதநீர் எப்படி இறக்குகிறோம்? பாளையைச் சீவி இறக்குகிறோம். ஈச்ச மரத்தில் பாளையைத் தொடுவது இல்லை. மரத்தின் தண்டையே சீவுகிறார்கள். அதுவும் உச்சியில், ஓலைகளுக்குச் சற்றுக் கீழே.

முதலில் சியூலி இடுப்பிலும் மரத்திலும் சேர்த்துக் கயிறு கட்டிக்கொண்டு ஏறுவார். ஒரு பக்கத்து ஓலைகளை வெட்டி எறிவார். ஓலையின் அடியில் ஊசி போல முட்கள் இருக்கும். அவற்றையும் கழிப்பார். பிறகு மேல்பட்டையைச் செதுக்குவார். உள்ளே வெள்ளையாக மெத்தென்ற சதை தெரியும். அன்றே சாறு எடுக்க மாட்டார். சில நாள் அப்படியே காய விடுவார். அதன் பிறகுதான் கூர்மையான அரிவாளால் மெல்லச் சீவுவார். சீவிய இடத்தின் கீழ் முனையில் மூங்கில் சிம்பு ஒன்றைச் செருகுவார். அது ஓடு போலப் பிளந்த மூங்கில். சாறு அதன் வழியே சொட்டும். அடியில் பானை தொங்கும்.

இந்தச் சீவலில்தான் சியூலியின் திறமை. ஏன் தெரியுமா? வேம்பின் உச்சியை வெட்டினால் பக்கத்தில் கிளைக்கும். ஈச்ச மரம் கிளைக்காது. அதற்கு உயிர் முழுவதும் உச்சிக் குருத்தில் இருக்கிறது. சீவல் ஆழமாகப் போய்க் குருத்தைத் தொட்டுவிட்டால் மரம் பட்டுப்போகும். சீவல் மேலாகவே நின்றுவிட்டால் சாறு வராது. இரண்டுக்கும் நடுவில் கத்தி போக வேண்டும். அதுவும் தரையில் நின்று அல்ல. கயிற்றில் சாய்ந்தபடி, காலுக்கு அடியில் பிடிமானம் இல்லாமல்.

ஒரு வருடம் ஒரு பக்கம் சீவினால் மறு வருடம் எதிர்ப் பக்கம் சீவுவார்கள். அந்த வடு மரத்தில் என்றும் மறையாது. மரம் மேலே வளர்ந்துகொண்டே போகும். வடுக்கள் இடமும் வலமுமாக, படி படியாக நிற்கும். வயதான மரம் அதனால் வளைந்து வளைந்து தெரியும். வடுக்களை எண்ணினால் அந்த மரம் எத்தனை வருடம் சாறு கொடுத்தது என்று தெரிந்துவிடும். படிக்கத் தெரியாத சியூலியும் இந்தக் கணக்கை வாசிப்பார்.

மரத்துக்கும் ஓய்வு உண்டு

சியூலி ஒரே மரத்தை நாள் தவறாமல் சீவ மாட்டார். இரண்டு மூன்று நாள் சாறு எடுத்தால், அடுத்த சில நாள் மரத்தைச் சும்மா விட்டுவிடுவார். சீவிய இடம் உலர வேண்டும். மரம் மீண்டும் சாறு ஊற வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு முதல் இரவில் வரும் சாற்றுக்கு ஜிரேன் என்று பெயர். வங்க மொழியில் ஓய்வு என்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஜிரேன் சாறு கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். நல்ல இனிப்பு, நல்ல மணம். மறுநாள் சாறு கொஞ்சம் கலங்கும். மூன்றாம் நாள் இன்னும் கலங்கும். முதல் தரமான வெல்லத்துக்கு ஜிரேன் சாறுதான் வேண்டும். ஆகவே ஒரு சியூலி தன் மரங்களைப் பங்கு பிரித்துக்கொள்வார். இன்று இந்தப் பத்து மரம், நாளை அந்தப் பத்து மரம் என்று மாற்றி மாற்றிச் சீவுவார். அப்போதுதான் தினமும் கொஞ்சமாவது ஜிரேன் சாறு கிடைக்கும்.

ஏன் பனிக்காலத்தில் மட்டும்?

வீட்டில் இட்லி மாவு அரைத்து வைக்கிறோம். கோடையில் காலைக்குள் பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழிகிறது. மார்கழியில் அதே மாவு எழும்பாமல் கிடக்கிறது. காரணம் என்ன? மாவைப் புளிக்க வைப்பவை கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர்கள். வெயிலில் அவை வேகமாகப் பெருகும். குளிரில் சோம்பிக் கிடக்கும்.

ஈச்சஞ்சாற்றிலும் இதே கதைதான். மரத்தில் இருந்து சொட்டிய நொடியில் இருந்து அந்தச் சிறு உயிர்கள் அதில் விழுந்து சர்க்கரையைத் தின்னத் தொடங்கும். சாறு நுரைக்கும். புளிக்கும். கடைசியில் கள்ளாகும். பனி கடுமையாக இருந்தால் விடியும் வரை சாறு கெடாது. சூரியன் ஏறினால் பொறுக்காது.

அதனால்தான் மாலையில் பானை கட்டுகிறார்கள். விடிவதற்கு முன்னே இறக்குகிறார்கள். பகலில் சொட்டுவது நல்ல வெல்லத்துக்கு உதவாது.

வானம் தெளிந்து, வாடைக் காற்று அடித்து, குளிர் நடுக்கும் இரவு சியூலிக்குப் பிடித்த இரவு. மேகம் மூடினால் குளிர் குறையும். சாறு கலங்கும். அந்த வெல்லத்தில் மணம் இருக்காது. மற்றவர்கள் கம்பளியை இழுத்துப் போர்த்தி, குளிர் எப்போது விடும் என்று கேட்பார்கள். சியூலி குளிர் இன்னும் வர வேண்டும் என்பார்.

பானையையும் கவனிக்க வேண்டும். நேற்றைய சாறு பானையின் உட்புறத்தில் ஒட்டியிருந்தால் இன்றைய சாறும் புளித்துவிடும். தினமும் பானையைக் கழுவி, வைக்கோல் நெருப்பில் கவிழ்த்துப் புகை காட்டி உலர்த்துவார்கள். உள்ளே சுண்ணாம்பு தடவுவதும் உண்டு. நம் பனையேறிகள் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதும் இதற்காகத்தான்.

மரத்தின் இனிப்பைக் காய்ச்சி எடுப்பது நம் நாட்டில் மட்டும் நடப்பது அல்ல. கனடா நாட்டில் மேப்பிள் என்று ஒரு மரம் இருக்கிறது. அங்கே பனி உறைந்து கிடக்கும் காலத்தின் கடைசியில் அதன் தண்டில் துளை போட்டுச் சாறு எடுக்கிறார்கள். இரவில் உறைய வேண்டும், பகலில் உருக வேண்டும். அப்போதுதான் மேப்பிள் சாறு இறங்கும். ஐரோப்பியர் அங்கே போவதற்கு முன்பே அந்த மண்ணின் பழங்குடி மக்கள் அதைக் காய்ச்சத் தெரிந்து வைத்திருந்தார்கள். மேப்பிள் சாற்றில் இனிப்பு மிகக் குறைவு. ஏறக்குறைய 40 லிட்டர் காய்ச்சினால்தான் 1 லிட்டர் பாகு கிடைக்கும். நம் ஈச்ச மரம் அதைவிடத் தாராளமானது.

அடுப்படியில்

இருட்டு இன்னும் விலகவில்லை. சியூலி மரத்துக்கு மரம் ஏறி இறங்குகிறார். நிறைந்த பானைகளைக் காவடித் தண்டில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு வீட்டுக்கு வருகிறார். முற்றத்தில் மண்ணைத் தோண்டிப் பெரிய அடுப்பு போட்டிருக்கிறது. அடுப்பின் மேல் அகலமான, தட்டையான பாத்திரம். வீட்டுப் பெண் அதற்குள் நெருப்பை மூட்டிவிட்டாள்.

பாத்திரம் ஏன் தட்டையாக இருக்கிறது? ஆழமான பானையில் நீர் வற்ற நேரம் ஆகும். அகலமான பாத்திரத்தில் ஆவி விரைவாகப் போகும். விறகும் மிச்சம்.

சாற்றைத் துணியில் வடிகட்டி ஊற்றுகிறார்கள். காய்ந்த ஈச்ச ஓலை, வைக்கோல், சணல் குச்சி, சருகு எல்லாம் அடுப்புக்குப் போகும். சாறு கொதிக்கும்போது அழுக்கு நுரையாக மேலே வரும். அதை அகப்பையால் எடுத்து எறிய வேண்டும். நுரையை எடுக்காவிட்டால் வெல்லம் கறுக்கும். ருசியும் கெடும்.

முதல் ஒரு மணி நேரம் பெரிதாக ஒன்றும் தெரியாது. தண்ணீர் கொதிக்கிறது, ஆவி போகிறது. பிறகு மெல்ல நிறம் மாறும். இளமஞ்சள் ஆகும். பொன் நிறம் ஆகும். கொதியின் சத்தமும் மாறும். சலசலவென்று கொதித்தது, தடித்த குமிழிகளாகக் 'களக் களக்' என்று வெடிக்கும். இப்போது வருகிற மணம் தெருமுனை வரை போகும். பச்சைச் சாற்றில் இந்த மணம் இல்லை. சாற்றில் சர்க்கரையோடு வேறு சத்துகளும் சிறிதளவு இருக்கின்றன. சூட்டில் அவை ஒன்றோடு ஒன்று சேர்ந்துதான் இந்த நிறமும் மணமும் பிறக்கின்றன. தோசை சிவக்கும்போது வருகிற மணமும் இப்படிப் பிறப்பதுதான்.

இந்த நேரத்தில் அடுப்பை விட்டு அசையக் கூடாது. துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். தீயைக் குறைக்க வேண்டும். பாகு நூல் போல இழுபட்டால் அது ஒரு பதம். அப்போது இறக்கினால் தேன் போன்ற வெல்லப் பாகு. இதை ஜோலா குர் என்பார்கள். நம் தென்மாவட்டங்களில் பதநீரைக் காய்ச்சிக் கூப்பனி எடுப்பார்களே, கிட்டத்தட்ட அது போல. சுடச்சுட ரொட்டியோடும், இட்டலி போன்ற அரிசிப் பலகாரத்தோடும் தொட்டுத் தின்பார்கள்.

கட்டி வெல்லம் வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் காய்ச்ச வேண்டும். கட்டி வெல்லத்துக்குப் பாட்டாலி என்று பெயர். இதில் ஒரு சின்ன வித்தை இருக்கிறது. பாகை இறக்கிய பின், பாத்திரத்தின் ஓரத்தில் சிறிதளவு பாகைத் துடுப்பால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். தேய்க்கத் தேய்க்க அது வெளுத்து, மணல் போல ஆகும். அதை மீதிப் பாகில் கலந்துவிடுவார்கள். உடனே முழுப் பாகும் இறுகத் தொடங்கும். பாலுக்கு மோர் விட்டு உறை குத்துகிறோம் அல்லவா? அது போலத்தான். அந்த வெளுத்த துளிதான் வெல்லத்துக்கு உறை. அதற்கு 'விதை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பிறகு மண் கிண்ணங்களிலோ, துணி விரித்த குழிகளிலோ ஊற்றுவார்கள். ஆறியதும் வட்ட வட்டமான பாட்டாலி.

சாறு சற்றுப் புளித்திருந்தால் என்ன விதை போட்டாலும் இறுகாது. புளிப்பு சர்க்கரையை உடைத்துவிடும். உடைந்த சர்க்கரை மணி மணியாகச் சேராது. இரவில் மரத்தடியில் செய்த தவறு காலையில் அடுப்படியில்தான் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இரவில் ஒரு மரம் 3 லிட்டர் சாறு தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 மரத்துக்கு 60 லிட்டர். ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் சாறு காய்ச்சினால் 1 கிலோ வெல்லம். ஆகவே 20 மரம் ஏறி இறங்கினால் 6 அல்லது 7 கிலோ வெல்லம். மாலையில் ஒரு தடவை ஏற வேண்டும், விடியலில் ஒரு தடவை ஏற வேண்டும். மொத்தம் 40 ஏற்றம். அதன் பிறகு மூன்று மணி நேரம் புகையில் நிற்க வேண்டும்.

யார் கைப்பக்குவம்?

மரம் ஏறுவது ஆண். காய்ச்சுவது பல வீடுகளில் பெண். ஆனால் சந்தையில் வெல்லத்தை ஆண்தான் விற்கிறான். 'இன்னாருடைய வெல்லம்' என்று அவன் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

இதை வைத்து நரேந்திரநாத் மித்ரா என்ற வங்க எழுத்தாளர் ஒரு கதை எழுதினார். கதையின் பெயர் 'ரஸ்'. சாறு என்று பொருள். அந்தக் கதையைத் தழுவி 1973இல் 'சௌதாகர்' என்ற இந்திப் படம் வந்தது. அமிதாப் பச்சனும் நூதனும் நடித்தார்கள்.

கதையில் சாறு இறக்கும் ஓர் இளைஞன் வருகிறான். மரம் ஏறுவதில் கெட்டிக்காரன். அவனுக்கு ஓர் அழகான பெண் மீது ஆசை. அவளைக் கட்ட வேண்டுமானால் பெண் வீட்டாருக்குப் பணம் கொடுக்க வேண்டும். கையில் பணம் இல்லை. அதே ஊரில் ஒரு விதவை இருக்கிறாள். வெல்லம் காய்ச்சுவதில் அவளுக்கு ஈடு இல்லை. அவன் அவளைத் திருமணம் செய்துகொள்கிறான். அந்தப் பருவம் முழுவதும் அவள் அடுப்படியில் வேகிறாள். சந்தையில் அவன் வெல்லத்துக்கு அடிதடி. பணம் சேர்கிறது. சேர்ந்ததும் அவள் மேல் பழி சொல்லி மணவிலக்கு செய்துவிடுகிறான். ஆசைப்பட்ட பெண்ணைக் கட்டிக்கொள்கிறான்.

அடுத்த பனிக்காலம் வருகிறது. மரம் அதே மரம். சாறும் அதே சாறு. ஆனால் புது மனைவிக்குப் பதம் தெரியவில்லை. வெல்லம் தீய்கிறது, கறுக்கிறது. முன்பு தேடி வந்தவர்கள் முகம் சுளித்துப் போகிறார்கள். கடைசியில் அவன் சாற்றுப் பானைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறான் தெரியுமா? வேறு ஒருவரை மணந்துகொண்டு வாழும் அந்த முதல் மனைவியின் வீட்டுக்குத்தான். 'இதைக் கொஞ்சம் காய்ச்சிக் கொடு' என்று கேட்டு நிற்கிறான்.

கதை கற்பனைதான். அதற்குள் இருக்கும் கணக்கு கற்பனை அல்ல. பதம் பார்க்கத் தெரிந்த கைக்கு என்ன கூலி என்று இன்றும் யாரும் எழுதி வைப்பதில்லை.

பச்சைச் சாறும் வௌவாலும்

விடியற்காலையில் குளிர்ந்த ஈச்சஞ்சாற்றை ஒரு குவளை குடிப்பது வங்காளத்தில் பழைய வழக்கம். நாம் பதநீர் குடிப்பது போல. அதில் ஓர் ஆபத்து இருப்பது பின்னால்தான் தெரிந்தது.

இனிப்புச் சாறு மனிதருக்கு மட்டும் பிடிக்கும் என்று இல்லை. பழந்தின்னி வௌவாலுக்கும் பிடிக்கும். இரவில் அது பறந்து வந்து, சீவிய இடத்தை நக்கும். அதன் எச்சில் சாற்றில் கலக்கும். சிறுநீரும் பானையில் விழும். சில வௌவால்களின் உடலில் நிபா என்ற நோய்க் கிருமி இருக்கிறது. அது வௌவாலை ஒன்றும் செய்யாது. மனிதருக்கு வந்தால் கடும் காய்ச்சல், தலைவலி வரும். நினைவு தடுமாறும். மூளை வீங்கும். நோய் கண்டவர்களில் பாதிப் பேர், சில சமயம் அதற்கும் மேல், இறந்துவிடுகிறார்கள். நோயாளியைக் கவனிப்பவருக்கும் தொற்றும்.

இந்த நோய் 1998, 1999இல் மலேசியாவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே பன்றிகள் மூலம் பரவியது. வங்காளதேசத்தில் பனிக்காலம் தோறும் சிலருக்கு வந்தது. ஆராய்ந்து பார்த்தபோது அவர்களில் பலர் பச்சை ஈச்சஞ்சாறு குடித்திருந்தது தெரிந்தது. மேற்கு வங்காளத்தில் 2001இல் சிலிகுரியிலும், 2007இல் நதியா மாவட்டத்திலும் நிபா வந்தது. நதியாவில் நோய் கண்ட 5 பேரும் இறந்துபோனார்கள். 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் பரவியதும் இதே நோய்தான். ஆனால் அங்கே ஈச்சஞ்சாற்றுக்கும் நோய்க்கும் தொடர்பு இல்லை.

அப்படியானால் வெல்லம் தின்னலாமா? தாராளமாகத் தின்னலாம். மணிக்கணக்காகக் கொதித்த சாற்றில் அந்தக் கிருமி பிழைக்காது. பச்சையாகக் குடிப்பதில்தான் ஆபத்து.

சாற்றைக் காப்பாற்ற எளிய வழி ஒன்று இருக்கிறது. மூங்கில் சிம்பு, சணல் குச்சி போன்றவற்றால் ஒரு தட்டி பின்னுகிறார்கள். சீவிய இடம், சிம்பு, பானையின் வாய் எல்லாவற்றையும் மூடுவது போல அதைக் கட்டுகிறார்கள். வௌவால் வரும், கிட்டே போக முடியாது. இரவில் படம் பிடிக்கும் கேமராவை மரத்தில் கட்டி வைத்து இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். தட்டி நன்றாக மூடிய மரத்தில் வௌவாலால் சாற்றைத் தொட முடியவில்லை. செலவு மிகக் குறைவு. ஆனாலும் எல்லா மரத்திலும் தட்டி ஏறவில்லை. தட்டியைத் தினமும் கழற்றிக் கட்ட வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். 40 ஏற்றத்துக்கு நடுவில் நேரம் எங்கே இருக்கிறது? தட்டி கட்டிய மரத்துச் சாறு என்றாலும் காய்ச்சிக் குடிப்பதே நல்லது.

சர்க்கரை கலந்த வெல்லம்

நதியா மாவட்டத்தில் மாஜ்தியா என்ற ஊர் இருக்கிறது. பனிக்காலத்தில் அங்கே கூடும் வெல்லச் சந்தை பேர்போனது. தெற்கு 24 பர்கானா மாவட்டத்தில் ஜோய்நகர் இருக்கிறது. கனகசூர் என்ற வாசனை நெல்லைப் பொரித்து, அந்தப் பொரியில் நொலேன் குர் சேர்த்து அங்கே உருண்டை பிடிக்கிறார்கள். அதுதான் ஜோய்நகர் மோவா. 2015இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கொல்கத்தாவின் மிட்டாய்க் கடைகளில் சந்தேஷ், ரசகுல்லா எல்லாம் பனிக்காலத்தில் வெல்ல நிறத்துக்கு மாறிவிடும். தை முதல் நாளை ஒட்டி நாம் புது அரிசியில் பொங்கல் வைக்கிறோம். அதே நாட்களில் வங்காளத்து வீடுகளில் புது அரிசி மாவும் புது வெல்லமும் சேர்த்துப் பிட்டா என்ற பலகாரம் செய்கிறார்கள்.

இத்தனை பேருக்கு வெல்லம் வேண்டும். மரமோ குறைந்துகொண்டு வருகிறது. செங்கல் சூளைக்கு விறகாக ஈச்ச மரங்கள் பல வெட்டப்பட்டுவிட்டன. சியூலிகளும் குறைகிறார்கள். மரத்தில் இருந்து விழுந்தால் இடுப்பு போய்விடும், உயிரும் போகலாம். மூன்று மாதத்துக்கு மேல் வேலை இல்லை. பிள்ளைகள் வேறு வேலை தேடி வெளியூர் போகிறார்கள். குளிரும் ஒரே சீராக வருவதில்லை.

அப்போது என்ன நடக்கிறது? கொதிக்கும் சாற்றில் மூட்டைச் சர்க்கரை விழுகிறது. ஒரு கிலோ ஈச்ச வெல்லத்தைவிட ஒரு கிலோ சர்க்கரை மலிவு. சர்க்கரை சேர்த்தால் எடை கூடும். வெல்லம் சீக்கிரம் இறுகும். நிறமும் வெளுத்து அழகாகத் தெரியும். மணம் மட்டும் இருக்காது. மணத்துக்கும் புட்டியில் அடைத்த எசன்ஸ் கிடைக்கிறது. வெளுக்க வைக்கும் மருந்துகளைச் சேர்ப்பவர்களும் உண்டு.

எல்லாப் பழியையும் சியூலி மேல் போடுவது நியாயம் இல்லை. வாங்குகிறவர் குறைந்த விலை கேட்கிறார். வெள்ளை வெல்லம்தான் நல்ல வெல்லம் என்று நினைக்கிறார். சுத்தமான பாட்டாலி அவ்வளவு வெளுப்பாக இருக்காது. கல் போல இறுகியும் இருக்காது. விரலால் அழுத்தினால் உடையும். உள்ளே சற்றுக் கசிவு இருக்கும். வெளியில் சர்க்கரைப் படிகம் மினுமினுத்தால் சந்தேகப்பட வேண்டும். பழகியவர்கள் முதலில் முகர்ந்து பார்ப்பார்கள். பிறகு ஒரு துண்டை நாக்கில் வைப்பார்கள். அதன் பிறகுதான் விலை பேசுவார்கள்.

சில இடங்களில் நல்ல வெல்லப் பாகைப் பற்பசைக் குழாய் போன்ற குழாயில் அடைத்து விற்கிறார்கள். நகரத்துக்காரர்கள் அதை வருடம் முழுவதும் வைத்துப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் குழாய்க்குக் கிடைக்கும் விலையில் மரம் ஏறியவருக்கும் பாகு கிண்டியவருக்கும் எவ்வளவு போகிறது என்பது கேட்க வேண்டிய கேள்வி.

மாசி பாதி ஆகும்போது வெயில் உறைக்கத் தொடங்கும். காலையில் இறக்கிய பானையில் நுரை தெரியும். அன்றைக்குப் பாட்டாலி இறுகாது. சியூலி சிம்புகளைப் பிடுங்கி எடுப்பார். பானைகளைக் கழுவிக் கவிழ்த்து அடுக்குவார். முற்றத்து அடுப்பில் கோழி வந்து சாம்பலைக் கிளறும். சீவிய இடம் காய்ந்து பழுப்பாகும். மரம் புது ஓலை விடும். வீட்டுக்குள், உறியில் ஒரு சின்னக் கலயம் வாய் கட்டித் தொங்கும். பருவத்தின் நல்ல நாளில், ஜிரேன் சாற்றில் காய்ச்சிய பாகு அது. அதை விற்க மாட்டார்கள்.